கிண்ணத்தின் அடியில் குளம் கட்டாத சாலட்

நேற்று இரவு சாப்பிட்டு முடித்ததும் சாலட் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் எண்ணெய் மினுமினுப்பு மட்டும்தான், வழித்தால் ஒரு தேக்கரண்டி தேறாது. மூன்று வாரங்களுக்கு முன்னால் இதே கிண்ணத்தை இப்படிச் சாய்த்தபோது கால் டம்ளர் வெளிறிய பச்சைத் தண்ணீர் ஓடி வந்தது. அது முதல் முறை. நேற்றையது ஏழாவது. நடுவில் நடந்ததெல்லாம் மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

நான் செய்ய நினைத்தது பெரிய விஷயமே இல்லை. இலையும் பழமும் கலந்த சாலட், இரண்டு பேருக்கு, 15 நிமிடத்துக்குள். வெளியிலிருந்து பார்த்தால் நறுக்கிப் போட்டுக் கிளறுகிற வேலை. அதனால்தான் முதல் நாள் எதையும் அளக்கவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. ஒரு கட்டு ரோமெய்ன் லெட்டூஸ், இரண்டு கைப்பிடி இளம் பாலக், ஒரு ஆப்பிள், ஒரு ஆரஞ்சு. மேலே ஊற்ற மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகு. இலைகளைக் குழாயில் கழுவி, வடிகூடையில் நாலு உதறு உதறி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து மேசையில் வைத்துவிட்டு, தட்டு எடுக்கப் போனேன். ஒரு போன் வந்தது. பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் பாலக் துவண்டு பாயாகப் படுத்திருந்தது. ஆப்பிள் பழுத்த இலை நிறத்துக்கு வந்திருந்தது. வாயில் வைத்தால் எண்ணெயும் புளிப்பும் எங்கேயோ தூரத்தில். அம்மா ஒரு கரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு, "சாலட் என்று சொன்னாய், ரசம் மாதிரி இருக்கிறதே" என்றார். கோபம் வந்தது. ஆனால் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தபோது மறுத்துப் பேச முடியவில்லை.

தப்பான இடத்தில் தேடியதுதான் அடுத்த இரண்டு முறைகளின் கதை. தண்ணீர் நிற்கிறது என்றால் ட்ரெஸ்ஸிங், அதாவது மேலே ஊற்றுகிற எண்ணெய்-எலுமிச்சைக் கலவை, அதிகம் என்று முடிவு கட்டி, இரண்டாவது முறை அதைப் பாதியாகக் குறைத்தேன். தண்ணீர் நின்றதில் பெரிய மாற்றம் இல்லை, இருந்த கொஞ்சநஞ்ச ருசியும் போனது. மூன்றாவது முறை, ட்ரெஸ்ஸிங் நீர்த்துப் போகிறது, அதனால் கெட்டியாக்க வேண்டும் என்று தோன்றியது. கெட்டித் தயிரைச் சேர்த்து அடித்து ஊற்றினேன். முதல் வாய் நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாவது நிமிடத்தில் தயிர் திரிந்ததைப் போலக் கட்டி கட்டியாக இலை மடிப்புகளில் போய் உட்கார்ந்துகொண்டது, அடியில் வழக்கம் போல் குளம். சுண்ணாம்பு அடித்த சுவரில் மழை பெய்த மாதிரி இருந்தது. மூன்று முறையிலும் மிஞ்சியதைச் சேர்த்தால் ஏறக்குறைய அரைக் கிலோ குப்பைக்குப் போயிருக்கும்.

நாலாவது முறைக்கு முன்னால்தான் தராசை எடுத்தேன். மாவு அளக்க வைத்திருக்கும் டிஜிட்டல் தராசு, ஒரு கிராம் வரை காட்டும். கழுவுவதற்கு முன் காய்ந்த இலை சரியாக 120 கிராம். கழுவி, வடிகூடையில் நன்றாக உதறி, இனி சொட்டாது என்று நான் நினைத்த நிலையில் மறுபடி வைத்தேன். 158 கிராம்.

கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். 38 கிராம் தண்ணீர், அதாவது இரண்டரை மேசைக்கரண்டி. நான் ஊற்றுகிற ட்ரெஸ்ஸிங்கே மொத்தம் நாலு மேசைக்கரண்டிதான். இலைக்கு மேலே தண்ணீர்ப் படலம் இருந்தால் எண்ணெய் அதில் ஒட்டாமல் வழுக்கிக் கீழே இறங்கிவிடுகிறது. எலுமிச்சைச் சாறோ அந்தத் தண்ணீரோடு கலந்து நீர்த்துப்போகிறது. நான் சாப்பிட்டது நனைந்த இலை, கிண்ணத்தின் அடியில் கிடந்தது என் ட்ரெஸ்ஸிங். மூன்று முறை ட்ரெஸ்ஸிங்கைத் திருத்திக்கொண்டிருந்தேன், பிரச்சினை அதற்கு முந்தைய படியில் இருந்திருக்கிறது.

சரி, எப்படி உலர்த்துவது? அன்று மாலை இலையை வைத்துக்கொண்டு இதை மட்டும் செய்து பார்த்தேன், சாலட்டே செய்யவில்லை. முதலில் டிஷ்யூ பேப்பர். ஒற்றி ஒற்றி எடுத்ததில் பதினோரு தாள் போனது, ஈரப் பேப்பர் கிழிந்து இலையில் ஒட்டியது வேறு. இதை விட்டுவிட்டேன். அடுத்தது பெரிய பருத்தித் துண்டு. இலைகளை ஒரே அடுக்காகப் பரப்பி, பாய் சுருட்டுகிற மாதிரி தளர்வாகச் சுருட்டி, மேலே மெதுவாக அழுத்தினேன். ஆறு நிமிடத்தில் 158 கிராம் 131 ஆனது. மோசமில்லை. அப்புறம் துண்டில் மூட்டையாகக் கட்டி, நாலு முனையையும் பிடித்துக்கொண்டு கையை வட்டமாகச் சுழற்றினேன். 128 கிராம். ஆனால் சமையலறைச் சுவர், அடுப்பு, என் கண்ணாடி எல்லாம் நனைந்தன. இதைச் செய்வதென்றால் குளியலறையிலோ வாசலிலோ நின்று செய்ய வேண்டும்.

இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு அக்கா தன் வீட்டில் சும்மா கிடந்த சாலட் ஸ்பின்னரைக் கொண்டுவந்து கொடுத்தாள். வெளியே ஒரு பிளாஸ்டிக் பாத்திரம், உள்ளே ஓட்டைக் கூடை, மூடியில் கைப்பிடி. சுற்றினால் கூடை சுழன்று தண்ணீர் வெளிச்சுவரில் அடித்து இறங்கும். ஆவலில் 158 கிராமையும் ஒரேயடியாகத் திணித்துச் சுற்றினேன். 137. துண்டைவிட மோசம்! திறந்து பார்த்தால் காரணம் தெரிந்தது: நடுவில் இருந்த இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அப்படியே நனைந்து கிடந்தன. பாதிப் பாதியாகப் போட்டு, ஒவ்வொரு பாதியையும் 20 நொடி சுற்றி, நிறுத்தி, அடியில் சேர்ந்த தண்ணீரைக் கொட்டி, கையால் இலையைப் புரட்டிவிட்டு இன்னொரு 20 நொடி சுற்றினேன். 125. கடைசியாகத் துண்டில் பரப்பி இரண்டு நிமிடம் வைத்ததும் 122. அந்த இரண்டு கிராம் இருந்துவிட்டுப் போகட்டும்.

நடுவில் தண்ணீரைக் கொட்டுவதை விடக்கூடாது. கொட்டாமல் சுற்றினால் கூடையின் அடிப்பகுதி அந்தத் தண்ணீரிலேயே தோய்ந்து, வெளியே போனது திரும்ப உள்ளே வருகிறது. ஸ்பின்னர் வாங்கலாமா என்றால், வாரத்தில் மூன்று நாள் இலை சாப்பிடுகிறவர்களுக்கு அது அடைத்துக்கொள்ளும் இடத்துக்குத் தகும். எப்போதாவது செய்கிறவர்களுக்குத் துண்டே போதும், ஆறு நிமிடம் கூடுதலாக ஆகும் என்பது மட்டும்தான் குறை. துண்டு வாசனை சோப்புப் போட்டுத் துவைத்ததாக இருக்கக்கூடாது. ஒருமுறை இலை முழுக்க மல்லிகை மணத்தது. சாலட்டுக்கென்று ஒரு துண்டைத் தனியாக ஒதுக்கிவிட்டேன், வெந்நீரில் அலசுவதோடு சரி.

கழுவுவதிலும் ஒரு திருத்தம். முன்பெல்லாம் வடிகூடையில் வைத்துக் குழாயைத் திறந்துவிடுவேன். பாலக்கில் மண் பல்லில் நறநறத்தது. இப்போது பெரிய பாத்திரம் நிறையக் குளிர்ந்த தண்ணீர் பிடித்து, பிரித்த இலைகளைப் போட்டு அலசி, இரண்டு நிமிடம் அசையாமல் விட்டு, இலைகளை மட்டும் கையால் அள்ளி மேலே எடுக்கிறேன். மண் அடியில் தங்கிவிடும். பாத்திரத்தைக் கவிழ்த்து வடித்தால் அடியில் தங்கிய மண்ணை நாமே இலைமேல் திரும்பக் கொட்டிக்கொள்கிறோம். அடியில் மண் தெரியாத வரை தண்ணீரை மாற்ற வேண்டும், பெரும்பாலும் இரண்டு முறை போதுகிறது. கடைசியில் குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு. சோப்பு வேண்டவே வேண்டாம்.

இதிலேயே தற்செயலாக ஒன்று கிடைத்தது. வாங்கி மூன்று நாளாகி வாடிக் கிடந்த ரோமெய்னை ஐஸ் கட்டி போட்ட தண்ணீரில் போட்டுவிட்டு, வேறு வேலையாகி 20 நிமிடம் மறந்துவிட்டேன். எடுத்தால் முறுக்கென்று நிற்கிறது, மடித்தால் சடக்கென்று ஒடிகிறது. சந்தேகப்பட்டு நன்றாக உலர்த்தி எடை போட்டேன்: வாடியபோது 120 கிராம் இருந்தது 132 ஆகியிருந்தது. இந்த 12 கிராமில் பெரும்பங்கு மேலே ஒட்டியிருந்ததல்ல, இலை குடித்த தண்ணீர். வெளியே இருந்தால் எதிரியாக இருக்கிற அதே தண்ணீர் உள்ளே போனால்தான் இலைக்கு முறுக்கு. உடனே பேராசை வந்தது. 20 நிமிடத்துக்கே இப்படி என்றால், ராத்திரி முழுக்க ஊறினால்? காலையில் ஓரங்கள் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் வழவழத்தது. 15 முதல் 30 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். அழுகத் தொடங்கிய இலையை இந்த வைத்தியம் காப்பாற்றாது, வாடியதை மட்டுமே காப்பாற்றும்.

ஃபிரிட்ஜில் வைத்ததில் இரண்டு சேதம். ஒன்று, கழுவி உலர்த்திய இலை டப்பாவைப் பின்சுவரை ஒட்டித் தள்ளி வைத்துவிட்டேன். குளிர் நேராக அடிக்கிற இடம் அது. சுவரை ஒட்டியிருந்த இலைகள் உறைந்து, வெளியே எடுத்ததும் கருத்து ஈரச் சல்லாத் துணி மாதிரி தொங்கின. இன்னொன்றைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் ஆனது. லெட்டூஸின் நடு நரம்பில் துருப்பிடித்த மாதிரி சிறு பழுப்புப் புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. மட்டமான இலையை வாங்குகிறேன் என்றுதான் நினைத்தேன். கடைசியில் பார்த்தால் ஆப்பிளையும் லெட்டூஸையும் ஒரே காய்கறித் தட்டில் வைத்திருக்கிறேன். ஆப்பிள் வெளிவிடுகிற எத்திலீன் வாயுவுக்கு லெட்டூஸ் இப்படித்தான் புள்ளி போடும். ஆப்பிளை மேல்தட்டில் மூடிய பைக்கு மாற்றினேன், அடுத்து வாங்கிய இலை ஐந்து நாள் புள்ளியில்லாமல் இருந்தது. இலை டப்பாவுக்குள் அடியில் ஒன்றும் மேலே ஒன்றுமாக டிஷ்யூ தாள் வைக்கிறேன். அது நனைந்திருந்தால் மாற்றிவிடுவேன்.

இனி பழம். நாலாவது முறை இலையைத் துண்டில் நன்றாக உலர்த்தி, 'இன்று வென்றோம்' என்ற நினைப்பில், பழத்துக்குத் தர்பூசணியைச் சிறு சதுரங்களாக நறுக்கிப் போட்டேன். உலர்த்திய உழைப்பு அத்தனையும் மூன்று நிமிடத்தில் கரைந்துபோனது. தர்பூசணியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் என்பதால் அதை வில்லனாக்கினேன். அது முழு நியாயம் இல்லை என்று பிறகு புரிந்தது. ஸ்ட்ராபெர்ரியிலும் ஏறக்குறைய அதே அளவு தண்ணீர்தான், லெட்டூஸிலோ 95 சதவீதம். ஆனால் தர்பூசணி வெட்டிய இடமெல்லாம் கசிகிறது. முழு ஸ்ட்ராபெர்ரியை இரண்டாகப் பிளந்தால் சாறு உள்ளேயே நிற்கிறது. அதே ஸ்ட்ராபெர்ரியை மெல்லிய வில்லைகளாக்கி, உப்புப் பட விட்டால் அதுவும் ஒழுகும். ஆகவே எத்தனை வெட்டு, எவ்வளவு நேரம் முன்னால் வெட்டினோம், உப்பு எப்போது பட்டது, இவற்றைத்தான் பார்க்க வேண்டும். தர்பூசணி போட்டே ஆகவேண்டும் என்றால் பெரிய துண்டுகளாக வெட்டி, சல்லடையில் 10 நிமிடம் வடியவிட்டு, பரிமாறும்போது மேலே வைக்கலாம். கலக்கக்கூடாது.

அவசரத்துக்கு ஏற்றவை வெட்டே வேண்டாத பழங்கள். மாதுளை முத்து, ப்ளூபெர்ரி, சிறிய விதையில்லாத் திராட்சை. ஒரு சொட்டுக்கூடக் கசியாது. மாதுளையை உதிர்க்கிற நேரத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால்தான் அது அவசரத்துக்கு ஏற்றது, அது வேறு விஷயம்.

ஆரஞ்சில் நான் நிறைய நேரம் செலவிட்டேன், அதற்குப் பலனும் இருந்தது. முதலில் தோலுரித்துச் சுளை சுளையாகவே போட்டேன். சுளையின் தோல் இலையோடு சேர்த்து மெல்லும்போது சக்கையாக நின்றது. இப்போது ஆரஞ்சின் தலையையும் அடியையும் சீவி, நிமிர்த்தி வைத்து, வெள்ளை நார் துளியும் மிஞ்சாதபடி வளைவைப் பிடித்தே கத்தியை இறக்கித் தோலைச் சீவுகிறேன். பிறகு ஒரு கிண்ணத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, சுளைக்குச் சுளை நடுவில் இருக்கும் சவ்வுகளுக்கு இடையே வெட்டினால் சதை மட்டும் கழன்று விழும். 210 கிராம் ஆரஞ்சில் 95 கிராம் சதை கிடைத்தது. மிஞ்சிய சவ்வைக் கையால் பிழிந்ததில் 25 மில்லி சாறு. அந்தச் சாறு ட்ரெஸ்ஸிங்குக்குப் போகிறது, சதை துணிமேல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து வெளி ஈரத்தை விட்டுவிட்டு வருகிறது. கூர் மழுங்கிய கத்தியால் இதை முயற்சி செய்யாதீர்கள். முதல் தடவை நான் சீவியது பாதி ஆரஞ்சு, மீதி சர்பத்.

ஆப்பிள் நிறம் மாறுவதற்கு மூன்று கிண்ணம் வைத்துப் பார்த்தேன். எதுவும் செய்யாத துண்டுகள் 15 நிமிடத்தில் பழுப்பாகத் தொடங்கின. எலுமிச்சைச் சாற்றில் புரட்டியவை வெள்ளையாகவே இருந்தன, ஆனால் தின்றால் எலுமிச்சைதான் தெரிகிறது, ஆப்பிள் தெரியவில்லை. ஒரு கப் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து அதில் 10 நிமிடம் ஊறவைத்து அலசியவை இரண்டு மணி நேரம் கழித்தும் வெள்ளை, உப்பும் தெரியவில்லை. இதைத்தான் பிடித்துக்கொண்டேன். ஐந்தாவது முறை ஞாபகப் பிசகில் அரைத் தேக்கரண்டிக்குப் பதில் அரை மேசைக்கரண்டி போட்டுவிட்டேன், அலசவும் மறந்தேன். அன்றைக்கு அனைவரும் ஆப்பிள் ஊறுகாய் சாப்பிட்டோம்.

அதே ஐந்தாவது முறையில்தான் நேரத்தைப் பற்றிய பாடமும். இலை உலர்ந்திருந்தது, பழம் கசியவில்லை, ஆப்பிளின் உப்பைத் தவிர எல்லாம் சரி. ஆறு மணிக்கே கலந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் எட்டு மணிக்கு வேலை மிச்சம் என்று நினைத்தேன். எட்டு மணிக்குப் பாலக் முழுதும் கருத்து ஒட்டிக்கொண்டிருந்தது. எலுமிச்சைதான் இலையைச் 'சமைத்து' விடுகிறது என்று முதலில் நினைத்தேன். சோதித்துப் பார்க்கலாமே என்று மூன்று லெட்டூஸ் இலை எடுத்து, ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் எண்ணெய், ஒன்றில் வெறும் தண்ணீர் தடவி வைத்தேன். சாறு பட்ட இலை கிட்டத்தட்டத் தண்ணீர் பட்டதைப் போலவே இருந்தது. எண்ணெய் பட்டதுதான் அங்கங்கே கருத்துத் தளர்ந்தது. இலையின் மேல் இயற்கையாகவே இருக்கிற மெழுகுப் பூச்சு தண்ணீரைத் தள்ளும், எண்ணெயைத் தள்ளாது. ஆக, எண்ணெய் இலைமேல் விழுந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. உப்பும் சும்மா இருப்பதில்லை, உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே இழுக்கும். இப்போது எல்லாவற்றையும் தனித்தனியாகத் தயார் செய்து வைக்கிறேன், சாப்பிடுகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் கலக்கிறேன்.

ட்ரெஸ்ஸிங்குக்கு எல்லாரும் சொல்கிற கணக்கு மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு புளிப்பு. வெறும் இலைக்கு அது சரி. இனிப்புப் பழம் சேரும்போது எனக்கு அது மொழுமொழுவென்று பட்டது. இரண்டுக்கு ஒன்று என்று மாற்றியதும் நேரானது. புளிப்புக்கு ஆரஞ்சுச் சாறு மட்டுமே ஊற்றிப் பார்த்தேன், ஜூஸ் மாதிரி ஆனது, எடுபடவில்லை. இப்போதைய அளவு: எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லி. எலுமிச்சைச் சாறு 10 மில்லி, ஆரஞ்சுச் சாறு 5 மில்லி. தேன் ஒரு தேக்கரண்டி, கடுகு விழுது அரைத் தேக்கரண்டி, உப்பு இரண்டு சிட்டிகை, மிளகு இஷ்டப்படி. மிச்சம் 20 மில்லி ஆரஞ்சுச் சாறு சமைப்பவருக்கு.

இதில் போடுகிற வரிசை முக்கியம் என்று தெரியாமல் ஒருமுறை எண்ணெயில் உப்பையும் தேனையும் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தேன். உப்பு எண்ணெயில் கரையாது, தேன் அடியில் பசையாக ஒட்டிக்கொண்டது. முதலில் புளிப்பில் உப்பு, தேன், கடுகு விழுது மூன்றையும் கரைத்துவிட வேண்டும், அப்புறம் எண்ணெய். எல்லாம் ஒரு பழைய ஜாம் பாட்டிலில். மூடி போட்டு 20 நொடி குலுக்கினால் மங்கலாக, கொழகொழவென்று சேர்ந்துவிடும். கடுகு விழுது இல்லாமல் குலுக்கியது இரண்டு நிமிடத்திற்குள் பிரிந்தது. அது சேர்ந்தது சாப்பிட்டு முடிக்கிற வரை தாங்கியது. ருசி பார்க்க விரலைத் தொட்டு நக்காமல், ஒரு இலைத் துண்டைத் தொட்டுத் தின்று பாருங்கள். விரலில் புளிப்பாகத் தெரிந்தது இலையோடு சரியாக இருக்கும். இது தெரியாமல் இரண்டு முறை தேனை அதிகமாக்கிக்கொண்டேன்.

ஆறாவது முறை எல்லாம் கூடி வந்தும் கெட்டது என் திமிரால். முறுமுறுப்புக்கு வால்நட் வறுக்கலாமே என்று வெறும் வாணலியில் 30 கிராம் போட்டுவிட்டு, ஆரஞ்சு சீவும் சாமர்த்தியத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். வால்நட் நிறம் மாறுவதற்கு முன் நாலு நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், ஐந்தாவது நிமிடத்தில் கரிந்துவிடும். கரிந்த வால்நட்டின் கசப்பை ஒன்றும் செய்ய முடியாது. பொறுக்கி எடுக்கலாம் என்று பார்த்தேன், தூள் எல்லா இலையிலும் ஒட்டிவிட்டது. நடுத்தரத்துக்கும் குறைந்த தீ, கை எடுக்காமல் கிளறல், வாசனை வந்ததும் வாணலியிலிருந்து தட்டுக்கு மாற்றுவது. சூடான வாணலியிலேயே விட்டால் அடுப்பை அணைத்தும் வறுபட்டுக்கொண்டே இருக்கும். ஆறிய பிறகுதான் சாலட்டில். சூடாகப் போட்டால் அது விழுந்த இடத்தில் இலை வதங்கும்.

நேற்றைய ஏழாவது முறையை நேரக் கணக்கோடு எழுதி வைத்தேன். முதல் மூன்று நிமிடத்தில் இலையை அலசி மண் போக்கி, புதுக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுவிட்டேன். இலை புதியது என்பதால் நீண்ட ஊறல் தேவைப்படவில்லை. அரை ஆப்பிளைத் தோலோடு மெல்லிய பிறைகளாக நறுக்கி உப்புத் தண்ணீருக்கு அனுப்பியபோது ஐந்தாவது நிமிடம். வால்நட் வறுக்க நாலு நிமிடம், இந்த முறை பக்கத்திலேயே நின்றேன். ஆரஞ்சுக்கு மூன்று நிமிடம். பாட்டிலில் ட்ரெஸ்ஸிங் ஒரு நிமிடம். ஸ்பின்னரில் இரண்டு பாதியாக, இரண்டு சுற்று, மூன்று நிமிடம். ஆப்பிளை அலசித் துணியில் ஒற்ற ஒரு நிமிடம். மொத்தம் 17. நான் நினைத்த 15-ஐத் தாண்டிவிட்டது. வால்நட்டை வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக வறுத்து வைத்தால் 13-க்கு வந்துவிடும்.

கலப்பதற்குப் பெரிய பாத்திரம் எடுத்தேன், பரிமாறுகிற கிண்ணம் இல்லை. இலை பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறையக்கூடாது, நிறைந்தால் புரட்டும்போது நசுங்கும், அல்லது மேடைமேல் விழும். பெரிய இலைகளைக் கையால் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்தேன். பாத்திரத்தின் உள்சுவரில் ட்ரெஸ்ஸிங்கில் பாதியைச் சுற்றிலும் ஊற்றி, இலைகளைப் போட்டு, இரண்டு கையையும் அடியில் விட்டு அள்ளி அள்ளி விட்டேன், பத்துப் பதினைந்து முறை. இடுக்கியால் செய்தபோது இலை முறிந்தது, கையால் செய்யும்போது எந்த இலை காய்ந்திருக்கிறது என்று விரலுக்கே தெரிகிறது. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். பாட்டிலில் கால் பங்கு மிஞ்சியது, 120 கிராம் இலைக்கு முக்கால் பங்குதான் தேவைப்பட்டது. முதல் நாள் 60 மில்லி ஊற்றியும் ருசி எங்கேயோ தூரத்தில்தான் இருந்தது! பிறகு ஆப்பிளைச் சேர்த்து இரண்டு புரட்டு. தட்டில் வைத்தபின் மேலே ஆரஞ்சும் வால்நட்டும். ஆரஞ்சை உள்ளே போட்டுப் புரட்டினால் உடைந்து சாறு விடும். பழம் இவ்வளவு இருக்கலாம் என்று எனக்குப் பட்ட அளவு, இலை 120 கிராமுக்கு ஆப்பிளும் ஆரஞ்சும் சேர்ந்து 150-க்குள். அதற்கு மேல் போட்டபோது பழக் கலவையில் இலை விழுந்துவிட்ட மாதிரி இருந்தது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாவது முறை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த முறை மாற்ற நினைப்பது சில. பாலக் எவ்வளவு உலர்த்தினாலும் தட்டையாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. லெட்டூஸ் மாதிரி நெளிநெளியாக நிற்பதில்லை. பாலக்கைக் கால் பங்காகக் குறைத்து, அந்த இடத்தில் அருகுலா என்கிற கீரையைப் போட்டுப் பார்க்கப் போகிறேன், அதன் காரம் ஆரஞ்சோடு சேரும் என்று நினைக்கிறேன். பாத்திரத்தையும் தட்டுகளையும் 10 நிமிடம் முன்பே ஃபிரிட்ஜில் வைத்தால் முறுக்கு இன்னும் சிறிது நேரம் நிற்குமா என்று பார்க்க வேண்டும். பேரிக்காய் இரண்டு வாங்கி மூன்று நாளாகிறது, காம்புப் பக்கம் அழுத்தினால் இன்னும் கல்லாக இருக்கிறது. அதை ஆப்பிள் பக்கத்தில் வைத்திருக்கிறேன். லெட்டூஸைக் கெடுத்த அந்த வாயு இதையாவது பழுக்க வைக்கட்டும்.

அக்கா நேற்று போனில் ஸ்பின்னரைப் பற்றிக் கேட்டாள். இன்னும் ஒரு வாரம் என்று சொல்லியிருக்கிறேன்.